மொட்டை மலையை மீண்டும் காடாக்குவது எப்படி? வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலையில், எனக்கு நினைவு தெரிந்து மூன்று முறை மரம் நட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் பந்தல் போட்டார்கள், மைக் வைத்தார்கள், முக்கியமானவர்கள் வந்து குழியில் கன்றை வைத்து மண் தள்ளிவிட்டுப் போனார்கள். மூன்றாவது முறை நட்ட கன்றுகளை அடுத்த சித்திரையில் போய் எண்ணினேன். அடிவாரத்தில் இருநூறு குழிகள். உயிரோடு இருந்தவை பதினேழு. காய்ந்துபோன கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால், பலவற்றின் வேரைச் சுற்றி நாற்றங்காலில் போட்ட கறுப்பு பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. பையைக் கிழிக்கக்கூட நேரமில்லாமல் நட்டிருக்கிறார்கள்.

அந்த மலைக்குக் கன்றுப் பஞ்சம் இருந்ததே இல்லை. மூன்று கோடைக்கு அதைக் காப்பது என் பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இல்லாததுதான் குறை. அந்தப் பொறுப்பை ஊரும், ஊராட்சித் தலைவரும், சட்டமன்ற உறுப்பினரும், வனத்துறையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு ஏற்கும்படி செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டு, கணியம்பாடி, காட்பாடிப் பக்கத்து ஊர்களை மனதில் வைத்து எழுதியது இது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் சேர்ந்துவிட்ட ஊர்களுக்கும் பொருந்தும். எல்லைதான் மாறியது, மலைத்தொடர் பழைய வட ஆற்காட்டினுடையதுதான்.

படி 1: மலை யாருடையது என்று தாளில் பாருங்கள்

ஊரில் எல்லோரும் "நம்ம மலை" என்பார்கள். தாளில் வேறு மாதிரி இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் எந்த வகை, யாருடையது என்று எழுதிய பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) கேளுங்கள். மலையின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காப்புக்காடு என்றிருந்தால் அது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கே ஒரு கல்லைப் புரட்டுவதற்கும் மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். மலைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து என்றெல்லாம் இருந்தால் அது வருவாய்த்துறையின் கையில். வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும்.

பெரும்பாலும் ஒரே மலையில் இரண்டும் கலந்திருக்கும். மேலே காப்புக்காடு, அடிவாரத்தில் புறம்போக்கு, நடுவே யாரோ சிலருக்குப் பட்டா. எங்கள் மலையில் ஊர் மாடு மேய்ந்த இடத்தில் பாதி காப்புக்காடு என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தலைவர்களிடம் போனால், "அது எங்கள் துறை இல்லை" என்ற ஒரே பதிலை நான்கு அலுவலகங்களில் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஜவ்வாது மலை போலப் பழங்குடி மக்கள் வாழும் இடமானால் இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தங்கள் சமூகக் காட்டைக் காக்கவும் மீண்டும் வளர்க்கவும் நிர்வகிக்கவும் அந்த மக்களுக்கே உரிமை தருகிறது. அவர்களுடைய உரிமை மனுக்கள் கிடப்பில் கிடக்கும்போது மரம் நடுகிறோம் என்று போய் வேலி போடுவது அநியாயம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் அதையொட்டிய பகுதிகளிலிருந்தும் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். சொந்த மலையிலிருந்து பிழைப்பு வராதபோது ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் காட்டைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாது.

படி 2: ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் நடந்து பாருங்கள்

கூட்டம் போடுவதற்கு முன் மலையைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். விறகு சுமந்த பாட்டிகள், சீத்தாப்பழம் பறித்து விற்பவர்கள், மாடு ஓட்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு போங்கள். கானாறு எங்கே தொடங்குகிறது, எந்தச் சரிவில் மழைக்குப் பின் பத்து நாள் ஈரம் நிற்கிறது, தீ எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

ஒரு மாசி மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாறை இடுக்கில் ஒரு துரிஞ்சிக் கட்டை. தரையோடு தரையாக வெட்டப்பட்டது. வெட்டுவாய் கறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. அதைச் சுற்றிப் பதினொரு துளிர்கள். எல்லாத் துளிரும் முழங்காலுக்குக் கீழே ஒரே மட்டத்தில், கத்தரிக்கோலால் வெட்டியது போல நின்றன. ஆடு கடித்த மட்டம் அது. கூட வந்த பெரியவர், தான் சிறுவனாக இருந்தபோதே அது கட்டையாகத்தான் இருந்தது என்றார். அத்தனை வருடம் கடிபட்டும் வேர் சாகவில்லை. ஒரு நாள் முழுக்க நடந்து எண்ணியபோது துரிஞ்சி, வெப்பாலை, வக்கணை, காரை, களா என்று இப்படிக் குட்டையாகவே நிற்கும் கட்டைகள் எங்கள் சரிவில் நூற்றுக்கணக்கில் இருந்தன.

இது முக்கியம். நம் பக்கத்து வறண்ட மலைகளில் காட்டின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள் வேராக இருக்கிறது. தீயையும் கடியையும் சில வருடம் தள்ளி வைத்தால் நடாமலேயே எழும். நடவுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். ஆனால் இதில் திறப்பு விழா கிடையாது. அதனால்தான் இதற்கு அரசியல் ஆதரவு தானாக வருவதில்லை. நாம் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

படி 3: ஆடு மேய்ப்பவர்களிடம் முதலில் போங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன். எங்கள் முதல் முயற்சி இங்கேதான் கவிழ்ந்தது.

முதல் கூட்டத்துக்கு ஆசிரியர்களை அழைத்தோம், இளைஞர் மன்றத்தை அழைத்தோம், மகளிர் குழுக்களை அழைத்தோம். ஆடு வைத்திருப்பவர்களை அழைக்கத் தோன்றவில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போது நாற்பது ஆடு வைத்திருக்கும் ஒரு பெரியம்மா வாசலில் வந்து நின்றார். "மலையை மூடிவிட்டால் என் ஆட்டை உன் வீட்டு மாடியிலா மேய்ப்பேன், தம்பி?" என்று கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. கூட்டத்தை அதோடு முடித்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் அவர் வீட்டுப் பக்கத்துப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். ஆடு, மாடு வைத்திருக்கும் இருபத்திரண்டு குடும்பங்களும் வந்தன. நாங்கள் திட்டம் எதையும் சொல்லவில்லை. மலையைத் தரையில் கோடு போட்டுக் காட்டச் சொன்னோம். பெரியம்மா ஒரு குச்சியை எடுத்து மூன்றாகப் பிரித்தார். வடக்குச் சரிவு மழைக்காலத்துக்கு, நடு ஓடை கோடைக்கு, தெற்கே பாறைப் பக்கம் ஆடு அவ்வளவாக ஏறாது. "தெற்கை இப்போதே மூடுங்கள், எனக்கு நட்டமில்லை. மற்றதை ஒவ்வொன்றாகப் பேசுவோம்" என்றார். அன்று எட்டிய உடன்பாடு இதுதான்: ஒரு பங்கை ஐந்து வருடம் மூடுவது, மூடிய இடத்தில் ஆடு மாடு நுழையாது, ஆனால் புல்லை அறுத்துத் தலைச்சுமையாக எடுத்து வரலாம், மற்ற இரு பங்குகளில் வழக்கம்போல மேய்ச்சல், அடிவாரத்து மேய்க்கால் புறம்போக்கில் தீவனப் புல்லும் அகத்தியும் வளர்க்க ஊராட்சி தண்ணீர் தர வேண்டும். காப்புக்காட்டுக்குள் வரும் பகுதிக்கு வனத்துறையின் ஒப்புதலைக் கேட்டு வாங்கினோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 1970களின் கடைசியில் சண்டிகர் அருகே சுகோமஜ்ரி என்ற ஊரில் நடந்தது இதற்கு முன்னோடி. மொட்டைக் குன்றுகளிலிருந்து வந்த மண் சண்டிகரின் சுக்னா ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தது. மேய்ச்சலை நிறுத்தச் சொன்னால் ஊர் கேட்கவில்லை. குன்றடியில் சிறு மண் அணை கட்டி அந்தத் தண்ணீரில் எல்லாக் குடும்பத்துக்கும் சம பங்கு, நிலமில்லாதவர்களுக்கும் பங்கு உண்டு என்று பேசிய பிறகுதான் குன்று தானாக மூடப்பட்டது. வேலிக்கு முள்கம்பி தேவைப்படவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சமூக வேலி. ஆட்டை விட்டு எருமைக்கு மாறினார்கள். குன்றில் புல்லும் மரமும் திரும்பின. 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்கான, அதாவது ஊரும் வனத்துறையும் சேர்ந்து காட்டைக் காப்பதற்கான, சுற்றறிக்கையை வெளியிட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஊர்களின் அனுபவம் இருக்கிறது.

மேய்ப்பவர்களுக்கு அடுத்து யார்? மஞ்சம்புல் புதிதாகத் துளிர்க்கட்டும் என்று மாசியில் தீ வைப்பவர்கள். அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். காவல் நிலையத்துக்குப் போகும் முன் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அடுத்து மலைக்கோயில் நிர்வாகிகள். நம் பக்கத்தில் கோயில் இல்லாத மலை குறைவு. கிருத்திகைக்கும் பௌர்ணமிக்கும் ஏறும் கூட்டத்திடம் கற்பூரத்தையும் அடுப்பையும் பற்றி ஒலிபெருக்கியில் கோயில் சொன்னால் எடுபடும், நாம் சொன்னால் எடுபடாது. பிறகு ஓய்வுபெற்ற ராணுவத்தினர். கம்மவான்பேட்டை போல ராணுவத்துக்குப் பெயர்போன ஊர்கள் உள்ள மாவட்டம் இது. தீக்காவலை முறை போட்டு நடத்த இவர்களை விடத் தகுந்தவர்களை நான் பார்த்ததில்லை.

படி 4: கிராம சபையில் தீர்மானம்

உடன்பாடு கைக்கு வந்த பிறகே கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மலைக்கு ஏற்ற நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். கூட்டப் பொருளில் சேர்க்கும்படி இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்குங்கள். குறைவெண் வரம்பை மறக்க வேண்டாம்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானத்தை எவரும் பிறகு கேள்வி கேட்கலாம்.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "மலைப்பகுதியில் மரக்கன்றுகள் நட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது." யார், எப்போது, எங்கே என்று இதில் எதுவுமே இல்லை. இதை ஏற்காதீர்கள். இப்படி எழுதக் கேளுங்கள்:

"நமது ஊராட்சி, புல எண் (இன்னது) மலைப் புறம்போக்கிலும் அதையொட்டிய காப்புக்காட்டிலும், இணைப்பு வரைபடத்தில் காட்டிய தெற்குப் பங்கை (இந்த) ஆண்டு தை 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேய்ச்சலும் விறகு வெட்டும் இன்றி விடுவதற்குக் கால்நடை வளர்ப்போர் இருபத்திரண்டு குடும்பங்களும் சம்மதித்துக் கையெழுத்திட்டுள்ளனர். இதற்கு ஈடாக மேய்க்கால் புறம்போக்கில் தீவனப் பயிருக்கு ஊராட்சி தண்ணீர் இணைப்பு தரும். ஆண்டுதோறும் தை மாதத்துக்குள் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் அகற்றிய பட்டை) வெட்டும் பணி ஊராட்சியின் பணித்திட்டத்தில் சேர்க்கப்படும். முன்னேற்றம் ஒவ்வொரு மார்ச் 22 கிராம சபையிலும் படிக்கப்படும். காப்புக்காட்டுப் பகுதிக்கு மாவட்ட வன அலுவலரின் ஒப்புதல் கோரப்படுகிறது."

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தலைவர் மாறினாலும் ஆண்டுக்கொரு முறை அந்தப் பேச்சு எழும்.

படி 5: தலைவர்களிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது

எல்லோரிடமும் ஒரே மனுவைக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் வேறுவேறு சாவி இருக்கிறது.

ஊராட்சித் தலைவர் மிக முக்கியம். சமூகக் காடுகளும் சிறு வனப்பொருள்களும் அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையிலேயே ஊராட்சிக்குரியவையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜாரைப் பாருங்கள். போபட்ராவ் பவார் அங்கே ஊராட்சித் தலைவராக வந்தபின் மரம் வெட்டுவதையும் கட்டற்ற மேய்ச்சலையும் ஊரே சேர்ந்து நிறுத்தியது. நம் வேலூரை விட மிகக் குறைந்த மழை பெய்யும் ஊர் அது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு மனிதர் பல ஆண்டுகள் ஒரே பேச்சில் நின்றதன் பலன் அது.

நம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பொறுப்புக் காலம் ஐந்து ஆண்டு. தேர்தலுக்கு முன்பே எல்லா வேட்பாளர்களையும் ஒரே நாளில் மலையடிவாரத்துக்கு அழைத்து, அதே தீர்மான வாசகத்தின் கீழ் கையெழுத்து கேளுங்கள். யார் ஜெயித்தாலும் மலை தோற்காது. பதவியேற்ற முதல் ஆறு மாதத்துக்குள் பணித்திட்டத்தில் ஏற்றிவிடுங்கள். கடைசி வருடத்தில் போனால் நேரமும் இருக்காது, மனமும் இருக்காது. தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் புதிய பணி எதையும் அறிவிக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சட்டமன்ற உறுப்பினரிடம் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. தடுப்பணை, தண்ணீர்த் தொட்டி போன்ற கட்டுமானங்களை அதிலிருந்து கேட்கலாம். பணத்தை விடவும் அவருடைய குரல் பெரிது. சட்டமன்றத்தில் வனத்துறை மானியக் கோரிக்கையின்போது உங்கள் மலையின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த வாரமே கோப்பு அசையும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார். அப்படிப்பட்ட பட்டியலில் சாலையும் பாலமும் மட்டும் போவதற்கு, மலையைக் கேட்டவர் யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி தொகுதி நிதி. மத்திய திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவின் தலைமையும் அவரிடம். ஆட்சியர் மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவர். 2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன மற்றும் மரப் பரப்பைப் பத்து ஆண்டில் 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. அந்த இலக்கின் பங்கு ஒவ்வொரு மாவட்டத்தின் தலையிலும் இருக்கிறது. ஊரே ஒப்புக்கொண்டு இடத்தையும் காட்டினால் மறுக்க ஆட்சியருக்குக் காரணம் குறைவு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும்; மாதாந்திர விவசாயிகள் கூட்டத்தில் பேசினால் துறை அதிகாரிகள் எல்லோரும் எதிரே இருக்கும்போது பதில் வரும். இரண்டையும் செய்யுங்கள்.

பேசும்போது உலக வெப்பமயமாதலிலிருந்து தொடங்காதீர்கள். கிணற்றிலிருந்து தொடங்குங்கள். அடிவாரத்து இருபது கிணறுகளின் நீர்மட்டத்தை எழுதி எடுத்துப் போங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் புரண்டு வெள்ளம் போனதை எல்லோரும் பார்த்தார்கள். மொட்டை மலையில் விழும் மழை நிற்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கிவிடுகிறது, கோடையில் அதே ஊர் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறது. இது எந்தத் தலைவருக்கும் உடனே புரியும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமானால் ஆந்திர எல்லையிலுள்ள கௌண்டின்யக் காட்டிலிருந்து இறங்கும் யானைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்துப் பேராகப் போங்கள். எல்லாத் தெருவிலிருந்தும், எல்லாக் கட்சியிலிருந்தும் ஆள் இருக்கட்டும். காலனியிலிருந்து ஒருவரும் இல்லாமல் ஊர்த் தெரு மட்டும் போனால் அது ஊரின் கோரிக்கை ஆகாது.

இன்னொன்று, அனுபவத்தில் கண்டது. தலைவர்களை ஐப்பசியில் நடவுக்கு அழைக்காதீர்கள். சித்திரையில் அழையுங்கள். இரண்டாவது கோடையில் ஒருவரை அப்படி அழைத்தோம். காலை ஏழு மணிக்கே வெயில் ஏறியிருந்தது. மூடாத சரிவில் செருப்பைத் தாண்டிச் சூடு வந்தது. எல்லைக் கற்களைக் கடந்து மூடிய பங்குக்குள் போனதும், காய்ந்த புல் கணுக்கால் வரை இருந்தது. மார்பளவு வளர்ந்த துரிஞ்சிப் புதரடியில் அவர் குனிந்து இலைச்சருகை ஒதுக்கி மண்ணைத் தொட்டார். கையை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார். "இங்கே குளிர்ச்சியாக இருக்கிறதே" என்றார். தீவனப் பயிருக்கான ஆழ்துளைக் கிணற்றுக்கு அந்த மாதமே கடிதம் கொடுத்தார்.

படி 6: வனத்துறையோடு

வனவரும் வனச்சரக அலுவலரும் உங்கள் எதிரிகள் இல்லை. பல ஆயிரம் ஏக்கரை நான்கைந்து பேர் காக்கிறார்கள். வனக்காப்பாளரின் கைபேசி எண்ணைத் தீக்காவல் குழுவில் எல்லோரிடமும் கொடுங்கள். ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் பத்தாண்டுச் செயல்திட்டம் ஒன்று உண்டு. அது திருத்தி எழுதப்படும் காலத்தில் உங்கள் மலையை அதில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். சேர்ந்துவிட்டால் ஆண்டு நிதிக்கு வழி தானாகத் திறக்கும். 1997 முதல் ஜப்பான் நிதியுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் நடந்தபோது கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. உங்கள் ஊரில் அன்று குழு இருந்ததா, அதன் கணக்குப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். பழைய குழுவை உயிர்ப்பிப்பது புதிதாகத் தொடங்குவதை விடச் சுலபம்.

படி 7: பணம்

மூடிக் காப்பதற்குப் பெரும் பணம் வேண்டாம். தீக்கோடு, காவல், சிறு கல் தடுப்புகள், இவ்வளவுதான். நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் திட்டத்தில் நீர்ப்பாதுகாப்புப் பணிகளுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் பெண்கள் தடுப்பணைகளும் நீர் செறிவூட்டும் உறைகிணறுகளும் அமைத்த வேலையைப் பிரதமர் 2021 செப்டம்பரில் வானொலி உரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்த வேலையைப் பார்த்தவர்கள் உங்கள் பக்கத்து ஒன்றியத்திலேயே இருப்பார்கள். ஒரு நாள் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். குவாரிகள் உள்ள பகுதியில் குவாரிக்காரர்கள் செலுத்தும் தொகையில் சேரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைச் சுற்றுச்சூழலுக்குக் கேட்கலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. வாங்கும் முன் ஊர் கூடி முடிவெடுங்கள். காட்டை மீட்க யாரிடம் கை நீட்டுகிறோம் என்பது மானத்தோடு சேர்ந்தது.

படி 8: மலையில் வேலையின் வரிசை

முதலில் தீ. தைக்குள் கோடு வெட்டி முடிக்க வேண்டும். திருவண்ணாமலை இன்னும் வட ஆற்காட்டில் இருந்த 1988லேயே அந்த மலையில் காடு மீட்கும் வேலையை ஒரு சங்கமாகத் தொடங்கினார்கள். அங்கே இன்றுவரை ஆண்டுதோறும் தீக்கோடு வெட்டுகிறார்கள். ஒரே ஒரு வருடம் விட்டால் பத்து வருட வளர்ப்பு ஒரு மதியத்தில் போய்விடும்.

பிறகு மேய்ச்சல் கட்டுப்பாடு. பிறகு நீர்: ஓடைகளில் மேலிருந்து கீழாகக் கல் தடுப்பு, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சமமட்டக் குழி. கீழே பெரிதாக ஒன்று கட்டுவதற்கு முன் மேலே சிறியதாக ஐம்பது வையுங்கள். நடவு கடைசியில்தான், அதுவும் வேர்கள் இல்லாத இடத்தில் மட்டும். ஆச்சா, உசில், வாகை, வெள்வேல், இலுப்பை, நாவல், நெல்லி, கருங்காலி, புரசு. விதையைச் சுற்றுவட்டத்து மலைகளிலிருந்தே எடுங்கள். பாறையும் புல்லும் மட்டுமே உள்ள உச்சியில் மரம் திணிக்க வேண்டாம். சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் மண் திறந்துபோகும். பகுதி பகுதியாக எடுங்கள்.

படி 9: கணக்குக் காட்டுங்கள்

ஒரே பாறையில் நின்று, ஆண்டுக்கு இரு முறை, ஒரே திசையில் புகைப்படம். இருபது கிணறுகளின் நீர்மட்டம். மூடிய பங்கிலிருந்து வந்த புல்சுமைகளின் எண்ணிக்கை. தீப்பிடித்த நாட்கள். இந்த நான்கையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுங்கள். மக்கள் ஆதரவு இரண்டாம் வருடம் தளரும். தளரும்போது சுவரில் இருக்கும் கிணற்றுக் கணக்குதான் கை கொடுக்கும். உதவிய தலைவர்களின் பெயரையும் அதே சுவரில் எழுதுங்கள், எதிர்க்கட்சிக்காரர் செய்திருந்தாலும்.

படி 10: தடை வரும்போது

அதிகாரி மாற்றலாகிப் போவார். புதியவரிடம் முதல் வாரத்திலேயே கோப்போடு போங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

குவாரி ஏலம் பெரிய ஆபத்து. 2021 நவம்பரில் காப்புக்காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாட்டில் விதி வந்தது. 2022 டிசம்பரில் செய்த திருத்தத்தில் காப்புக்காடு அந்த வரம்பிலிருந்து நீக்கப்பட்டது. சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவை மட்டும் அந்த வரம்பில் நீடித்தன. நம் பக்கத்து மலைகளில் பெரும்பாலானவை காப்புக்காடுகள்தான். விதியில் ஒரு சொல் நீக்கப்பட்டதை எத்தனை ஊர் கவனித்தது? ஏல அறிவிப்புகளைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஆட்சேபனையைக் காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

போராடி வாங்கிய பழக்கம் இந்த மண்ணுக்கு உண்டு. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னதும் அந்தத் தீர்ப்புதான்.

எங்கள் மலையின் தெற்குப் பங்கை வரும் தையில் மேய்ச்சலுக்குத் திறக்க வேண்டும். ஐந்து வருடம் நிறைகிறது. போன வாரம் பெரியம்மா தானாகவே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "களாவெல்லாம் இப்போதுதான் காய்க்கிறது, இன்னும் இரண்டு வருடம் கிடக்கட்டும். நடு ஓடையைப் பற்றியும் பேசுவோம்" என்றார். மார்ச் 22 கிராம சபைக்கான பொருளில் அதைச் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனுவில் முதல் கைரேகை அவருடையது.